அயனிகள் அசைவதில்லை

ஓடட்டும், பார்க்கக் கூடாது, நான் பார்த்தால் மட்டும் வேகமாகவா ஓடப்போகிறது, விளைமீனைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை லேப்டாப் பக்கம் திரும்புவதில்லை என்று இப்போதுதான் சொல்லிக்கொண்டேன், சொன்ன வாய் மூடுவதற்குள் முழங்கையால் ஒரு விசையைத் தட்டித் திரையை எழுப்பியாயிற்று. சமையல் மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கறுப்புத் திரையில் எண்கள் வரி வரியாக ஏறுகின்றன. என் சிமுலேஷன் ஓடுவது இங்கே இல்லை, ஆய்வகத்தின் குளிர் அறையில் அடுக்கி வைத்த கணினிகள் அத்தனையும் சேர்ந்து ஓட்டுகின்றன, இங்கே தெரிவது அதன் மூச்சு மட்டும்தான். காலையில் எழுந்ததும் என் புருஷன் ரூபன் பல்கூடத் தேய்க்காமல் "அது எப்படி இருக்கு?" என்று கேட்டான், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதுபோல. நன்றாக இருக்கிறது என்றேன். எனக்கென்ன தெரியும். இந்த ஓட்டம் நல்லபடியாக முடிந்தால் நம்பிராஜனிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, கெட்டுப்போனால் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம், அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்ப் பூசைக்குக்கூடப் போகாமல் செதிளும் கையுமாக நிற்கிறேன். முதுகுத் துடுப்பு கட்டைவிரலில் குத்திவிட்டது. ரத்தம் ஒரு பொட்டு. குழாயைத் திறந்து கையை நீட்டினால் தண்ணீர் வெந்நீராக வருகிறது, மொட்டைமாடித் தொட்டி இந்த வெயிலில் வேறென்ன தரும்.

நம்பி இப்போது ரயிலில் இருக்கிறான். மடியில் அந்தக் கல் இருக்கும். நீலக்கல் என்று பெயர், நீலமே இருக்காது, கண்ணாடிமாதிரி இருக்கும், சுண்டுவிரல் நீளம், நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளைக்குள் ஹைட்ரஜனை அடைத்து லேசரால் ஓர் அடி. வாயு உடைந்து பிளாஸ்மாவாகும், லேசான எலெக்ட்ரான்கள் அந்த அடியில் விலகி ஓடும், கனமான அயனிகள் நின்ற இடத்தில் நிற்கும், விலகியவை திரும்பி வருவதற்குள் லேசருக்குப் பின்னால் ஒரு குழிவு உண்டாகும், படகுக்குப் பின்னால் அலை எழும்புவதுபோல, அந்த அலையில் ஏறிக்கொண்ட எலெக்ட்ரான் கூட்டம் ஒளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கும். பெரிய கட்டடம் கட்டிச் செய்கிற வேலையில் ஒரு பங்கைச் சுண்டுவிரலுக்குள் செய்துவிடலாம் என்பதுதான் எங்கள் இருவரின் பிழைப்பு. நான் அதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கிறவள், அவன் நிஜத்தில் சுட்டுப் பார்க்கிறவன். என் படத்தில் எலெக்ட்ரான் கற்றை ஊசிமுனையாய் வந்தது, ஒன்றுகூடச் சிதறாமல், அத்தனையும் ஒரே வேகத்தில். அந்தப் படத்தை நம்பித்தான் அவன் இந்தக் கல்லைத் துளைக்கக் கொடுத்தான், அதைக் காட்டித்தான் வடக்கே இருக்கிற லேசர் கூடத்தில் நாளையிலிருந்து வெள்ளிவரை இடம் வாங்கினான். அப்படி ஒரு வாரம் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்தான். அவனுடைய வேலை ஒப்பந்த வேலை. இந்தக் கோடையில் முடிகிறது. கற்றை வந்தால் நிரந்தரமாக்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது, வராவிட்டால் என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. விமானத்தில் போகலாமே என்றதற்கு, பெட்டியைத் தூக்கி எறிவானுக, நான் மடியிலயே வச்சுக்கிட்டுப் போறேன் என்றுவிட்டான். நேற்று சென்ட்ரலில் வழியனுப்பப் போனேன். போய்ச் சொல்லிவிடுவதென்றுதான் போனேன்.

வியாழக்கிழமை அந்த வரியைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவன்தான் கேட்டான், பேச்சுக்குக் காட்ட ஒரு நல்ல படம் வேண்டும், எழுத்தெல்லாம் பெரிதாக, பின் வரிசையில் இருக்கிறவனுக்கும் தெரிகிறமாதிரி. எழுத்தைப் பெரிதாக்கத்தான் கோப்பைத் திறந்தேன். எங்கள் தொழிலில் யாரும் உள்ளீட்டுக் கோப்பை முதலிலிருந்து எழுதுவதில்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கித் தயிர் உறையவைப்பதுபோல, சீனியரிடமிருந்து ஒரு கோப்பை வாங்கி, அடர்த்தியை மாற்றி, லேசரை மாற்றி, நம்முடையதாக்கிக்கொள்வோம். எனக்குத் தந்தது என் சீனியர், அவருக்கு யார் தந்தார்களோ. அதில் ஒரு வரி, அயனிகள் அசைவதில்லை என்பதற்கான வரி. எலெக்ட்ரானைவிட அயனி ஆயிரத்தெண்ணூறு மடங்குக்கு மேல் கனம், இமைப்பதற்குள் கோடி தடவை முடிந்துவிடுகிற சங்கதியில் அது எங்கே அசையப்போகிறது, அசையாதென்று வைத்துக்கொண்டால் கணக்குப் பாதியாகக் குறையும், எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை, கற்றை சாதாரணக் கற்றையாக இருக்கும்வரை. என் கற்றை சாதாரணக் கற்றை இல்லையே. அதைத்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு எலெக்ட்ரான் அவ்வளவு குறுகலாகச் சேர்ந்து போனால் கனமானதையும் இழுக்காதா, இழுக்கும், ஹைட்ரஜன் இருப்பதிலேயே லேசான அயனி, கொஞ்சமாவது இழுபடும். கொஞ்சம் என்றால் எவ்வளவு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே காது சூடாகிவிட்டது. அத்தனை தடவை திறந்த கோப்பு, அத்தனை தடவையும் கண் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறது, வீட்டு வாசல்படியை யார் பார்த்து நடக்கிறார்கள். வரியை மாற்றி அன்றைக்கே ஓட்டத்துக்கு அனுப்பினேன். வரிசையில் கிடந்து இன்று விடிந்துதான் ஆரம்பித்தது.

புளி கரைக்க வேண்டும். தேங்காய், சீரகம், வத்தல். மிக்ஸியைப் போட்டால் லேப்டாப் நடுங்குகிறது, எண்களும் சேர்ந்து நடுங்குகின்றன, அணைத்துவிட்டுப் பார்க்கிறேன், அவை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. பிளாட்ஃபாரத்தில் அவன் சிரித்துக்கொண்டே நின்றான். புதுச் சட்டை. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். சொல்ல வந்தது அதுவா. தண்ணீர் பாட்டில் வாங்கினாயா, சார்ஜர் எடுத்தாயா, அங்கே குளிருமா, வாய் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தது. இன்னும் தெரியாதே என்று எனக்கு நானே சொன்னேன், ஓட்டம் முடியட்டும், சும்மா பயம் காட்டுவானேன், நாளைக்கு ஒன்றுமில்லை என்று வந்தால் நான்தான் பைத்தியக்காரி. சரிதான். சரியாக இருக்கிற காரணங்களெல்லாம் ஏன் இப்படித் தொண்டையில் முள்ளாகச் சிக்குகின்றன. போன் அடிக்கிறது. நம்பி. கையெல்லாம் புளி, புறங்கையால் பச்சையைத் தள்ளி ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"பெர்னா, பல்லார்ஷா ஸ்டேஷன் வந்துட்டு. வெயில் மண்டையப் பொளக்கு."

"சாப்ட்டியா?"

"ரயில்ல குடுத்தத சாப்பாடுன்னு சொன்னா சாமி கண்ணக் குத்தும். நீ என்ன செய்யுத?"

"மீன்கொழம்பு வைக்கேன்."

"என்ன மீனு?"

"விளமீன்."

"நல்லாரு. எதுத்த சீட்டுல ஒரு அம்மா, டப்பாவுல என்ன தம்பி, நகையான்னு கேக்காவ. ஆமான்னுட்டேன். யாருக்குன்னாவ. இன்னும் பொண்ணு பாக்கல, நகதான் மொதல்ல வந்துருக்குன்னேன்." அவன் சிரிக்கிறான். "ஏ பெர்னா, அந்தப் படம் அனுப்புதேன்னியே, எழுத்துப் பெருசா போட்டு."

"அனுப்புதேன். இன்னைக்கு அனுப்பிருதேன்."

"ஒன்னும் பிரச்சின இல்லல்லா?"

"சிக்னல் விட்டு விட்டு வருது நம்பி. நாக்பூர்ல கூப்பிடு."

சிக்னல் கண்ணாடிமாதிரி இருந்தது. டீ விற்கிறவன் குரல்கூடத் தெளிவாகக் கேட்டது. நான் பொய் சொல்வதில் அவ்வளவு மட்டம், அவன் கண்டுபிடித்திருப்பான், இல்லை, கண்டுபிடிக்க மாட்டான், என்னை சந்தேகப்பட அவனுக்குத் தெரியாது. எம்.எஸ்ஸி. படிக்கிறபோது ஆய்வுக்கூடத்தில் நான் எடுத்த அளவுகளைப் பார்க்காமலே எழுதிக்கொள்வான், பெர்னதெத் எடுத்தா சரியாத்தான் இருக்கும் என்று மற்றவர்களிடம் சொல்வான். அப்போது பெருமையாக இருந்தது. 

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன. அதையும் யோசிக்கத்தான் செய்கிறேன், யோசிக்கவில்லை என்று சொன்னால் மாதா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் போவான், சுடுவான், கற்றை சிதறும். சிதறினால் ஆயிரம் காரணம். லேசர் அன்றைக்குச் சரியில்லை, துளையில் தூசி, வாயு ஒரே சீராக இல்லை. சோதனை பிசகினால் எல்லோரும் சோதனைக்காரனைத்தான் பார்ப்பார்கள், கணினியை ஒருவரும் பார்ப்பதில்லை, அதன் படங்கள் அவ்வளவு அழகாக இருக்கும். பிறகு ஒரு மாதம் கழித்து நான் சாவகாசமாக அயனிகளை அசையவிட்டு ஓட்டி, ஓ இதுதான் காரணம் என்று கட்டுரை எழுதலாம், அவன் பெயரையும் சேர்த்தே எழுதலாம், புத்திசாலிப் பெண் என்பார்கள். எத்தனை சுலபம். எங்கள் சிமுலேஷனில் பிளாஸ்மா முழுவதையும் வைத்திருக்க முடியாது, நினைவகம் போதாது, லேசரைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை லேசரோடு கூடவே நகர்த்துவோம், பின்பக்கமாக விழுகிறதைக் கணினி அப்படியே மறந்துவிடும், அங்கே ஏதாவது இருந்ததா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. கொடுத்துவைத்த ஜென்மம். நான் புதுச் சட்டையை எங்கே வாங்கினாய் என்று கேட்டது எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

குழம்பு கொதிக்கிறது, மாங்காயைப் போட்டுவிட்டு மீனைப் போடுவதற்காக நிற்கிறேன், ரூபன் உள்ளே வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான். "இன்னும் முடியலியா?" இல்லை என்கிறேன். "அவன்ட்ட சொல்லிட்டியா?" அதற்கும் இல்லை. ரூபன் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றுகிறவர்களோடு மல்லுக்கட்டுகிறவன், எதையும் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. "ரயில்லயே சொல்லிரு, அங்க போயி ஆளுக முன்னாடி வச்சுத் தெரிஞ்சா அசிங்கமாப் போயிரும் அவனுக்கு" என்றுவிட்டு ஒரு தட்டை எடுத்துத் துடைக்கிறான், ஏற்கெனவே துடைத்த தட்டு. எனக்கு அழுகை வந்தது. என் கையில் கிடந்த கரண்டியை வாங்கி அவனே மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறான். நான் திரைக்குத் திரும்பினால் எண்கள் நின்றிருக்கின்றன.

முடிந்துவிட்டது. படம் வரைகிற கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும், எழுத்து தப்பாக விழுகிறது, மறுபடி, மறுபடியும் தப்பு, கை மணக்கிறது, துடைத்துக்கொள்கிறேன். வெள்ளைச் சதுரம். அதில் மெல்ல நிறம் ஊறுகிறது. குழிவு இருக்கிறது, அழகாக, உருண்டையாக, அப்பாடா, கற்றையின் தலை இருக்கிறது, ஊசிமுனையாகத்தான் இருக்கிறது, பார்த்தாயா, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. நடுவில் ஒரு கோடு. அது என்ன கோடு. அயனிகள். சீராகப் பரவி நிற்க வேண்டியவை நடுக்கோட்டில் வந்து குவிந்திருக்கின்றன. கற்றையின் தலை போகிறபோக்கில் இழுத்திருக்கிறது, இழுத்தவை கூடிவிட்டன, பின்னால் வந்த எலெக்ட்ரான்கள் அந்தக் கூட்டத்தில் மாட்டித் திசைக்கொன்றாகப் போய்விட்டன. ஊசிக்கு முனை இருக்கிறது, மற்றதெல்லாம் விளக்குமாறு. அளவைத் தப்பாகப் படிக்கிறேனோ என்று அச்சுகளைப் பார்க்கிறேன். அடர்த்தியைப் பார்க்கிறேன். கணக்குக்காகப் பெட்டியைப் பிரித்த கட்டங்கள் போதுமான நெருக்கமா என்று பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது. வாழ்நாளில் இத்தனை சுத்தமாக ஒரு ஓட்டம் எனக்கு முடிந்ததில்லை. அடர்த்தியைக் குறைத்தால்? குறைத்தால் வேகமே ஏறாது. கனமான வாயு? அது முழுதாக உடையாது, உதிரி எலெக்ட்ரான்கள் உள்ளே விழுந்து இன்னொரு தொல்லை, அதையும் ஓட்டிப் பார்க்க நாள்கள் வேண்டும், அவன் விடிந்தால் போய் இறங்குகிறான். ரூபன் தோளுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்க்கிறான். அவனுக்கு ஒன்றும் புரியாது. "நல்லாத்தான இருக்கு" என்றான் பாவம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தான்.

அதற்குப் பிறகு சாப்பிட்டோமா, சாப்பிட்டோம், முள்ளை எடுத்து எடுத்து தட்டோரம் வைத்தது மட்டும் தெரிகிறது. நாக்பூர் வரட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நம்பி, ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமா. நம்பி, நீ கவலைப்படாதே. ஏன் படக்கூடாது. எப்படிச் சொன்னாலும் அதில் நான் எனக்காக ஒரு மெத்தை போட்டுக்கொள்வது தெரிகிறது. அவன் அழைத்தபோது முழு மணியும் அடிக்கவிடாமல் எடுத்துவிட்டேன்.

"கற்றை வராது நம்பி."

ரயில் பெட்டிக்குள் ஒரு குழந்தை அழுகிறது. யாரோ எதையோ இந்தியில் விற்கிறார்கள்.

"என்னது?"

"அயனியெல்லாம் அசையாதுன்னு வச்சு ஓட்டிருக்கேன். கோப்புல பழைய வரி. நான் பாக்கல. இப்ப அசையவிட்டு ஓட்டினேன், முடிஞ்சிட்டு. முன்னால கொஞ்சம்தான் நிக்கி, பாக்கியெல்லாம் செதறிருது."

"எவ்வளவு?"

சொன்னேன். அவன் அந்த எண்ணைத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். கட்டத்தை நெருக்கிப் பார்த்தாயா என்றான், பார்த்தேன் என்றேன். அழுத்தத்தைக் குறைத்தால் என்றான், வேகம் ஏறாது என்றேன்.

"ஹைட்ரஜனுக்குத்தான் அனுமதி வாங்கிருக்கு" என்றான் தனக்குத்தானே. "வேற வாயுன்னா மறுபடி மொதல்லருந்து." அப்புறம் கேட்டான். "நேத்து ஸ்டேஷன்ல வச்சே தெரியும்லா ஒனக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அதான் ரயிலு நகருற வரைக்கும் என் மூஞ்சியவே பாக்கல நீ."

 மன்னிச்சிரு என்று சொன்னேன். அது அவனுக்குக் கேட்டதோ என்னவோ, பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபப்படுகிற மனுஷனிடம் என்னவாவது செய்யலாம்.

"பெர்னா, இருக்கியா?"

"இருக்கேன்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"ரூபனுக்கு. அவனுக்கு ஒன்னும் வெளங்காது."

"சரி, கேட்டுக்கோ. கற்றை எவ்வளவு செதறும், எந்தக் கோணத்துல செதறும், அத்தனையும் இன்னைக்கே எழுது. எழுதி எல்லாருக்கும் அனுப்பு, கமிட்டி ஆளுகளுக்கும். நான் அங்க மொத அடி அடிக்கதுக்கு முன்னாடி அது போயிருக்கணும்."

"எதுக்கு நம்பி? நீ சுடுததுக்கு முன்னாடியே தோத்துட்டன்னு நானே எழுதணுமா?"

"நம்ம தொழில்ல யாரு முன்னாடி சொல்லுதா? சுட்டு முடிச்ச பொறவு அதுக்கேத்தாப்ல கணக்க வளச்சுப் படம் போடுதோம். நீ முன்னாடியே சொல்லிட்டன்னா, செதறுனத நான் அளந்தன்னா, அதுவும் ஒரு பதில்தான்லா. செதறலும் அளக்கக்கூடிய சமாச்சாரம்தான். நான் அத அளக்கத ஒருத்தரும் கொற சொல்லாம அளப்பேன்." குரல் கொஞ்சம் உடைந்தது, இருமிச் சரிசெய்துகொண்டான். "நீ அனுப்பலன்னா நான் சும்மா தோத்தவன். அனுப்புனா ஒன் கணக்காவது நிக்கும்."

"கமிட்டி கற்றையத்தான கேக்கும்."

"கேக்கும். எனக்குத் தெரியும் பிள்ள. வண்டி எடுத்துட்டான். எழுது."

எழுதுகிறேன். ரூபன் பாத்திரம் கழுவுகிற சத்தம், வேண்டுமென்றே மெதுவாகக் கழுவுகிறான். கோணத்தை எழுதினேன், அகலத்தை எழுதினேன், எத்தனை பங்கு தப்பிக்கும் எத்தனை பங்கு போகும் என்று எழுதினேன், படத்தைச் சேர்த்தேன், எழுத்தைப் பெரிதாக வைத்து. பழைய ஓட்டத்தில் என்ன பிழை, யார் செய்தது என்பதையும் எழுதினேன், அதில் கை தயங்கவில்லை. தயங்கியது கடைசி வரியில். மேற்சொன்ன காரணங்களால் எதிர்பார்த்த தரத்தில் கற்றை கிடைக்காமல் போகக்கூடும். கூடும். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம், எந்தப் பக்கம் போனாலும் விழாமல் இருக்க ஒரு கைப்பிடி. கிடைத்துவிட்டால் நான் கிடைக்காது என்று சொல்லவில்லையே, கிடைக்காவிட்டால் நான்தான் சொன்னேனே. இப்படி எழுதி அனுப்பினால் அவன் அளந்து கொண்டுவருவதற்கு என்ன மதிப்பு, பாதி சொன்னதை முழுதாக யார் நிரூபிக்க முடியும். வெட்டினேன். கற்றை கிடைக்காது என்று எழுதினேன். படித்தால் யாரோ ஒருவருடைய வேலை நீக்க உத்தரவு மாதிரி இருந்தது, அதன் கீழே என் பெயர். அப்படியே வைத்து அனுப்பினேன். போய்விட்டது. கமிட்டிக்கும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்த நாளிலிருந்து என் கணக்கு சரியாக வரவேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதையும் வேண்டிக்கொண்டதில்லை. மாதாவே, இந்த வெள்ளிக்கிழமைக்குள் நான் பொய்யென்று ஆகிவிட வேண்டும், அத்தனை பேர் முன்னாலும், ஒரு வரி மிச்சமில்லாமல்.